கடலடியே சோதனைச்சாலை

1976 மார்ச் 23ஆம் திகதி இந்தியாவும் இலங்கையும் கைமாற்றிக்கொண்ட கடிதங்களில், கச்சதீவுச் சர்ச்சையிலேயே நின்றுவிட்டவர்கள் அதிகம் வாசிக்காத ஒரு பகுதி இருக்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் பரந்துகிடக்கும் வாட்ஜ் திடலில் இலங்கைக் கப்பல்கள் மீன் பிடிப்பது பற்றியது அது. இந்தியா தன் பொருளாதார வலயத்தை அறிவித்த நாளிலிருந்து மூன்று வருடம் மட்டும். ஆறு கப்பலுக்கு மேல் கூடாது. வருடத்துக்கு 2,000 தொன்னுக்கு மேல் அள்ளக் கூடாது. அந்தக் காலம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு, வருடம் 2,000 தொன் மீனை இந்தியா இலங்கைக்கு விலைக்குக் கொடுக்கும்.

இந்திய றோலர்கள் வடக்குக் கடலுக்குள் வருவதைச் செய்தியில் கேட்டுப் பழகிய காதுக்கு இது தலைகீழாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 150 கடல் மைல் ஓடி, தமிழ்நாட்டின் வாசலில் இழுவை வலை போட்டுத் திரும்பிய காலம் ஒன்று நமக்கும் இருந்தது.

1920களின் தொடக்கத்தில் 'லில்லா' என்ற இழுவைக் கப்பல் இலங்கையைச் சுற்றியுள்ள கடலடியை வலைபோட்டு ஆராய்ந்தது. அந்த ஆய்வைப் பற்றி மல்பாஸ் எழுதி 1926இல் வெளியான அறிக்கை, இழுவை வலைக்குத் தோதான பெரிய இடங்கள் இரண்டு என்றது: கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் திடல், பருத்தித்துறைக்கு வடகிழக்கே பேதுரு திடல். அடுத்த இரண்டு வருடத்தில் 'புல்புல்' என்ற கப்பல் வியாபாரமாகவே வாட்ஜ் திடலில் இறங்கிவிட்டது. போருக்குப் பிறகு 'ரக்லன் காசில்', 'பிரகோங்லென்' வந்தன. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய அமைச்சர்கள் போட்ட கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா படகுகளைத் தந்தது. முகத்துவாரத்தில் குளிர்சாதனக் கிடங்கும் எழுந்தது. 1957இல் எஸ். சிவலிங்கமும் கனடாவிலிருந்து வந்த மெட்கோஃபும் வாட்ஜ் திடலின் விளைச்சல் பற்றிய ஆய்வை இலங்கை மீன்பிடி ஆராய்ச்சி நிலைய வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். 1964இல் கடற்றொழில் கூட்டுத்தாபனம் பிறந்தது. அதன் கப்பல்களுக்குக் கடலோர ஊர்களின் பெயர்கள்: பேருவளை, பேசாலை, மயிலிட்டி.

மயிலிட்டி என்ற பெயருக்கு வந்த திருப்பத்தை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு காலத்தில் இந்திய வாசலில் வலை இழுத்த கப்பலின் பெயர் அது. இன்று எல்லை தாண்டிப் பிடிபடும் இந்திய இழுவைப் படகுகளைக் கட்டிவைக்கும் துறைமுகம் அது.

படகு, எல்லை, கைது என்று இந்த விவகாரத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். வலையைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆகவே வலையிலிருந்தே தொடங்குவோம்.

இழுவை வலை ஒரு நீண்ட கூம்பு. வாய் அகலம், போகப்போக ஒடுங்கி, கடைசியில் மடி. வாயின் இரு பக்கமும் முன்னே நீளும் சிறகுகள். மேல்விளிம்புக் கயிற்றில் மிதவைகள், கீழ்விளிம்புக் கயிற்றில் சங்கிலி அல்லது ரப்பர் உருளைகள். மிதவை மேலே தூக்க, சங்கிலி கீழே அழுத்த, வாய் உயரவாக்கில் திறந்துவிடும். அகலவாக்கில் திறப்பதற்குப் பலகைகள். பலகை வைத்த வலை 1894இல் ஸ்கொட்லாந்தின் கிரான்டனில் ஸ்கொட் என்பவர் செய்து காட்டியது. அதற்கு முன் நீண்ட மரக்கட்டை ஒன்றை வாய்க்குக் குறுக்கே கட்டித்தான் இழுத்தார்கள். கட்டையின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் வாய். பலகை வந்தபின் அந்தக் கட்டுப்பாடு போயிற்று.

காலிமுகத்திடலில் பட்டம் விடும் பையனுக்குத் தெரியும், சூத்திரத்தை எங்கே முடிந்தால் பட்டம் சாய்ந்து ஏறும் என்று. பலகைக்கும் அதே சூத்திரம்தான். இழுக்கும் கம்பியைப் பலகையின் நடுவில் கட்டாமல் கொஞ்சம் முன்னே தள்ளிக் கட்டினால் அது தண்ணீரைச் சரிவாகச் சந்திக்கும். தண்ணீர் அதை வெளிப்பக்கம் தள்ளும். இடப்பலகை இடப்பக்கம், வலப்பலகை வலப்பக்கம் போக, நடுவில் வலை வாய் விரியும். சாதாரணத் தட்டைப் பலகைக்கு முப்பத்தைந்து, நாற்பது பாகைச் சரிவு வேண்டும். சங்கிலியில் ஒரு வளையம் மாற்றிப் போட்டால் கோணம் மாறிவிடும். கோணம் குறைந்தால் வலை சுருங்கிக்கொள்ளும். கூடினால் பலகை சேற்றைக் கிளறிக்கொண்டு, டீசலைக் குடித்துக்கொண்டு போகும். இரும்புக் குதியில் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று கரையில் பலகையைப் புரட்டிப் பார்த்தே கடலுக்கடியில் அது எப்படி நின்றது என்று சொல்லிவிடக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். முன் நுனி மட்டும் தேய்ந்திருந்தால் பலகை மூக்குக் குத்தி ஓடியிருக்கிறது; பின் நுனி மட்டும் என்றால் மூக்கைத் தூக்கிக்கொண்டு.

வலைத்துணியை வெட்டுவது தனிக் கணக்கு. கூம்பு ஒடுங்க வேண்டும் என்றால் ஒவ்வொரு துண்டின் ஓரமும் சரிவாக வெட்டப்பட வேண்டும். கத்தரிக்கோலைக் கண்ணிலிருந்து கண்ணுக்கு நேராகக் கொண்டுபோவதா, முடிச்சிலிருந்து சாய்வாக இறக்குவதா, ஒரு நேர்வெட்டுக்கு எத்தனை சாய்வெட்டு என்ற விகிதம்தான் கூம்பின் சரிவைத் தீர்மானிக்கிறது. விகிதம் பிசகினால் வலை தண்ணீரில் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தொய்ந்து ஓடும். இறுகிய பக்கம் முதல் கல்லிலேயே கிழியும். நூலும் யோசித்து எடுக்க வேண்டியதுதான்: நைலோன் தண்ணீரைவிடக் கனம், தாழும், பொலித்தீன் நூல் மிதக்கும். கீழ்வயிறு தரையில் உராயாமல் இருக்க வேண்டும் என்றால் மிதக்கும் நூல் நல்லது.

இனி மடியின் கண். அரசியலும் சட்டமும் கடைசியில் வந்து நிற்க வேண்டிய இடம் இதுதான். கண் நாற்பது மில்லிமீட்டர் என்று வர்த்தமானியில் அச்சடிப்பது சுலபம். வழக்கமான வலைக்கண் வைர வடிவம். இழுபடும்போது வைரம் நீளவாக்கில் மூடிக்கொள்ளும். மடி நிரம்ப நிரம்ப இழுவிசை கூடும். மேசையில் அளந்தபோது நாற்பது காட்டிய கண் கடலுக்குள் வெறும் கீறலாகிவிடும். அதே வலைத்துணியை நாற்பத்தைந்து பாகை திருப்பித் தைத்தால் கண் சதுரமாக நிற்கும். எவ்வளவு பாரம் விழுந்தாலும் திறந்தே இருக்கும். துணி அதேதான், தையல் மட்டும் வேறு. சின்ன மீன் தப்புவதும் மாட்டுவதும் அந்தத் தையலில் இருக்கிறது.

ஆழம் கூடும்போது வேறு தொல்லைகள் சேரும். நானூறு மீட்டர் ஆழத்தில் வலை இறக்க அதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு கம்பி விட வேண்டும். அதாவது ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உருக்குக் கம்பி. அந்தக் கம்பியின் கனமே பலகையை உள்ளே இழுக்கும் என்பதால் பலகை பெரிதாக வேண்டும், அதற்கேற்ப எஞ்சினும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறுகிறது. கரையோர வலையில் கட்டும் பிளாஸ்டிக் மிதவை அங்கே நசுங்கிவிடும். மிதவை நசுங்கினால் மேல்கயிறு தாழும், வாய் மூடும். பலகைகள் மட்டும் ஒழுங்காக விரிந்துகொண்டே போகும். மேலே இருக்கும் மாலுமிக்கு எதுவும் தெரியாது. மூன்று மணி நேரம் கழித்து ஏறி வருவது வெறும் மடி. இந்த மாதிரிக் காரணங்களால்தான் ஆழ்கடல் வலையை முதலில் தொட்டியில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

தொட்டிக்குள் பெரிய வலையைப் போட முடியாது, பொம்மை வலைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்கினால் நூல் தலைமயிரைவிட மெலிந்துபோகும்; அதைக் கட்ட ஆள் கிடையாது. இந்தச் சிக்கலை 1930களில் தீர்த்துவைத்தவர் ஜப்பானிய அறிஞர் தவுதி. வலையின் மொத்த நீள அகலத்தை ஓர் அளவிலும், கண்ணையும் நூலையும் வேறோர் அளவிலும் சுருக்கலாம், நூல் தடிப்புக்கும் கண்ணுக்கும் உள்ள விகிதம் மட்டும் மாறக்கூடாது என்று அவர் காட்டினார். வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: இருபத்தைந்தில் ஒரு பங்காகச் செய்த வலைக்கு வேகம் ஐந்தில் ஒரு பங்கு. கடலில் மூன்று நொட்டில் ஓடும் வலை தொட்டியில் நொடிக்கு முப்பது சென்ரிமீட்டர் ஓடும் நீரில் நின்றால் போதும். கண்ணாடிக்கு அப்பால் நின்று வாய் எவ்வளவு திறக்கிறது, எந்த இடத்தில் துணி சுருங்குகிறது என்று விரல்வைத்துக் காட்டலாம்.

இந்த வகைத் தொட்டிகளில் மிகப் பெரியது கனடாவின் நியூபவுண்லாந்தில், செயின்ட் ஜோன்ஸ் நகரில் இருக்கிறது. (புறக்கோட்டை செயின்ட் ஜோன்ஸ் மீன் சந்தை பேலியகொடைக்குப் போகுமுன் அங்கே பேரம் பேசியவர்களுக்குப் பெயர் பழக்கமானது.) இருபத்திரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் ஆழம், 1988இல் திறந்தார்கள். அந்தக் கரைக்கும் நமக்கும் இன்னொரு உறவும் உண்டு. 1986 ஓகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் விடப்பட்டுத் தத்தளித்த 155 தமிழ் அகதிகளை மூடுபனிக்குள் கண்டு கரை சேர்த்தவர்கள் நியூபவுண்லாந்து மீனவர்கள்தான். அதே மீனவர்களின் தொழில் ஆறே வருடத்தில் முடிந்தது. 1992 ஜூலையில் கொட் மீன் பிடிப்பதைக் கனடா அரசு நிறுத்தியது; முப்பதினாயிரம் பேரளவில் வேலையிழந்தார்கள். உலகிலேயே பெரிய வலைச் சோதனைத் தொட்டி நகரத்துக்குள் இருக்கும்போதே, அந்த நகரத்தின் மீன் தீர்ந்துபோயிற்று. தொட்டி பிழையாகச் சொல்லவில்லை. வலை எப்படி விரியும் என்பதற்குத் தொட்டியில் பதில் உண்டு. எத்தனை வலை, எத்தனை நாள் என்பது தொட்டியிடம் கேட்கும் கேள்வியே அல்ல.

தொட்டிக்குப் பிறகு கடலில் சோதனை. மடிக்கு மேல் பொடிக்கண் உறை ஒன்றைப் போர்த்தி இழுப்பார்கள். மடியிலிருந்து தப்பிய மீன் உறையில் விழும். இரண்டையும் கொட்டி, மீனை ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்து அளந்தால் எந்த நீளத்தில் பாதி தப்புகிறது, பாதி மாட்டுகிறது என்பது வந்துவிடும். அந்த நீளம் முதல் முட்டை இடும் நீளத்தைவிடச் சிறியது என்றால் அந்த வலை குஞ்சைத் தின்கிறது. வாதாட இடமில்லாத எண் அது.

கொழும்பு 15இல், மட்டக்குளி காக்கைத்தீவில் இருக்கும் நாரா (1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய நீரியல்வள ஆராய்ச்சி, அபிவிருத்தி முகவரகம்) இந்த வகை அளவையில் பழக்கப்பட்ட இடம். ஆனால் பெரிய அளவை எல்லாம் வெளிநாட்டுக் கப்பலில்தான் நடந்திருக்கிறது. நோர்வேயின் 'டொக்டர் பிரித்யொஃப் நான்சன்' 1978 முதல் 1980 வரை மூன்று முறை இலங்கைக் கரையோரத்தை அளந்தது. வருடத்துக்கு 250,000 தொன் வரை, அதில் 170,000 மேல்மட்ட மீன், 80,000 அடிமட்ட மீன் என்று இன்றும் மேற்கோள் காட்டப்படும் எண் அதிலிருந்து வந்தது. நாற்பது வருடம் கழித்து, 2018இல், அதே பெயருள்ள புதிய கப்பல் மறுபடி வந்தது.

நான்சன் வழக்கமாக இறக்கும் அடிவலையின் மேல்கயிறு முப்பத்தொரு மீட்டர், கீழ்க்கயிறு நாற்பத்தேழு. சிறகுகளுக்கிடையே இருபது மீட்டர் வரை விரியும். இது எதையும் தப்பவிடாத வலை. மடிக்குள் பொடிக்கண் உறை இருக்கும். ஆய்வுக்கு அது சரி. மூன்று நொட்டில் அரை மணி நேரம் இழுத்தால் அது வாரும் தரை ஐந்தரை ஹெக்டேயர், பதின்மூன்று ஏக்கருக்கு மேல். பாக்கு நீரிணையில் ஓடும் படகின் வலை அதில் பாதிதான், பத்து மீட்டர்தான் விரிகிறது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டரை நொட்டில் மூன்று மணி நேரம் ஒரே இழுவை இழுத்தால் முப்பத்துநான்கு ஏக்கர். ஓர் இரவில் ஒரு படகு ஒரே இழுவையோடு வீட்டுக்குப் போவதில்லை.

அந்தப் பாக்கு நீரிணை பெரும்பாலும் பத்து மீட்டரைச் சுற்றிய ஆழம். நான்சன் போன்ற கப்பல் அதற்குள் வர முடியாது. அதாவது இலங்கையிலேயே அதிகமாக இழுவை வலை ஓடிய கடல்தான் அந்தப் பெரிய அளவைகளுக்கு எட்டாத கடலும்.

அங்கே ஓடும் வலையை யார் வடிவமைத்தார்கள்? 1952இல் ஐக்கிய நாடுகளும் நோர்வேயும் இந்தியாவும் கையெழுத்திட்ட மீன்பிடித் திட்டம் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கி, பின்னர் மண்டபத்துக்கும் வந்தது. 1957இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் படகின் நீளத்துக்கும் குதிரைசக்திக்கும் ஏற்ற வலைகளை வரைந்து கொடுத்தது. அதே நிறுவனம் பின்னாளில் ஆமை தப்பும் கம்பிச்சட்டமும், குஞ்சு மீன் தப்பும் சாதனமும், சதுரக்கண் மடியும் செய்து காட்டியது. ஆனால் படகு துறையை விட்டு வெளியேறியபின் வலையை மாற்றியது விஞ்ஞானி அல்ல. இறால் ஏற்றுமதி விலை ஏறியபோது எஞ்சின் பெருத்தது. எஞ்சின் பெருத்தபோது வாய் உயர்ந்தது. டீசல் விலை ஏறியபோது ஓர் இழுவையும் வீண்போகக்கூடாது என்று மடியின் கண் சுருங்கியது. ஒவ்வொரு மாற்றமும் நேரே கடலடியில்தான் சோதிக்கப்பட்டது. அந்தக் கடலடியில் நெடுந்தீவுக்காரரும் பேசாலைக்காரரும் விரித்த வலைகளும் கிடந்தன. போர்க்காலத்தில் வடக்கு மீனவர் கரையிலேயே கட்டிவைக்கப்பட்டிருந்த வருடங்களில், கேட்க ஆள் இல்லாத சோதனைச்சாலையாக அது இருந்தது.

ஆமை தப்பும் கம்பிச்சட்டத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. ஆமை தப்பும் சாதனம் இல்லாத வலையில் பிடித்த இறாலை வாங்குவதில்லை என்ற 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்கா 1996இல் எல்லா நாடுகளுக்கும் நீட்டியபோது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. அமெரிக்கா பாரபட்சமாக நடந்தது என்று 1998இல் முடிவானது; ஆனால் ஆமையைக் காக்கும் நோக்கம் தவறென்று யாரும் சொல்லவில்லை. கம்பிச்சட்டத்தைப் பொருத்தினால் கொஞ்சம் இறாலும் போய்விடும் என்பது படகுக்காரர் கணக்கு. வாங்குகிறவர் கேட்டால் வலை மாறும், இல்லாவிட்டால் மாறாது. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து இறால் வந்திருக்கிறதா என்று விசாரிக்கும் நாமும் அது எந்த வலையில் ஏறியது என்று கேட்டதில்லை.

இலங்கை வலையை மாற்றப் பார்க்கவில்லை, தடைசெய்தது. எம். ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாக முன்வைத்த யோசனை, கடற்றொழில் சட்டத்துக்கான 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தமாக அந்த வருடம் ஜூலையில் நிறைவேறியது. இயந்திரப் படகால் கடலடியில் இழுவை வலை இழுத்தால் இரண்டு வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபா தண்டம். மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் திருப்பிக் கொடுத்ததும் அதே மாதம்தான். தடை சரியென்றே நான் நினைக்கிறேன். பத்து மீட்டர் ஆழத்தில், கடற்புல் மேல், பலகை கட்டி இழுப்பதற்கு எந்தத் தையலும் பரிகாரமல்ல. வலையைச் சீர்திருத்தினால் போதும் என்று சொல்கிறவர்கள் ஆழத்தை மறந்து பேசுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமே 2016இல் எண்ணூறு மீட்டருக்குக் கீழே அடிவலை கூடாது என்றது. அங்கே காரணம் வேறு: முப்பது வயதில் முட்டையிடத் தொடங்கி நூறு வயதைத் தாண்டும் மீன்கள் வாழும் ஆழம் அது. மேலே ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு. அடிவலைக்கு நியாயமான இடம் நடுவில் ஒரு பட்டைதான். இலங்கைக்கு அந்தப் பட்டை மிக ஒடுக்கம். கண்டமேடை சராசரியாக இருபது கிலோமீட்டர் சொச்சம்தான்; அதற்கப்பால் தரை செங்குத்தாக விழுகிறது. வாட்ஜ் திடல் கையைவிட்டுப் போன பிறகு, ஆழ்கடல் இழுவைக் கப்பல் கட்டுவதற்கான நியாயமும் நம்மிடம் மிஞ்சவில்லை.

தடையின் விலையை ஒரு சாரார் மட்டும் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குருநகரிலும் பேசாலையிலும் சின்ன இழுவைப் படகு வைத்திருந்தவர்கள் நம்முடைய ஆட்கள்தான். பக்கத்து ஊர் வலைகளை அவர்களும் கிழித்தார்கள் என்பது உண்மை. எல்லை தாண்டி வருகிற பெரிய படகைப் பார்த்துக்கொண்டே தங்கள் சின்னப் படகைக் கரையேற்ற நேர்ந்தது என்பதும் உண்மை. குருநகரில் வலைத் தொழிற்சாலையே இருக்கிறது. அந்தக் கைகளுக்கு வேறு வலை வரைந்து கொடுத்து, உறை போர்த்திச் சோதித்து, இது பிடிக்கும் என்று காட்டுவது காக்கைத்தீவில் இருப்பவர்களால் ஆகாத காரியமல்ல.

முகத்துவாரத்தில் இன்று இழுவை வலை கிடையாது. பலநாள் படகுகளில் ஏறுவது செவுள்வலையும் நீண்ட தூண்டில் கயிறும். அவற்றிலும் ஆமை மாட்டுகிறது, சுறா மாட்டுகிறது. தூண்டிலின் வளைவிலும், வலை தொங்கும் ஆழத்திலும் அதே வகைச் சோதனை தேவைப்படுகிறது. தடைச்சட்டம் வந்துவிட்டதால் வலை விஞ்ஞானம் முடிந்துபோன பாடம் என்று வைத்துவிட முடியாது.

பிடிபட்ட படகுகளை 2022 பெப்ரவரியில் ஏலம் விட்டார்கள். விலை போனது மரமும் எஞ்சினும். வலைகள் நீதிமன்றத்தில் சான்றுப்பொருள் என்ற ஒரே கணக்கில் கிடந்து மட்கும். ஆனால் ஒவ்வொரு வலையும் ஒரு வரைபடம்: மடியின் கண், நூலின் தடிப்பு, வெட்டின் விகிதம், பலகையின் கனம், சங்கிலியில் எந்த வளையம், குதியில் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது. கண் அளக்கும் ஆப்பு ஒன்று, ஒரு தராசு, ஒரு நாடா, இரண்டு தொழில்நுட்ப உதவியாளர் போதும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் ஏறினால் காலையில் மயிலிட்டியில் வேலையைத் தொடங்கலாம். இரு நாட்டு மீனவர் பேச்சுவார்த்தைகளில் நாள்களும் எல்லைக்கோடும் நிறையப் பேசியாகிவிட்டது. மயிலிட்டியில் எடுத்த அளவுகளின் அட்டவணை மேசையில் இருந்தால், இராமேஸ்வரத்துப் படகுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது அவருடைய மடியின் கண் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான்.